மணப்பெண் படகும் மர்யம் லாத்தாவும்

செய்தி வந்தபோது நான் துபாயில் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு பெங்காலித் தம்பியின் விசா விண்ணப்பத்தில் அவன் அம்மா பெயரை அடித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஊரிலிருந்து செய்யது காக்காவின் குரல்பதிவு. அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. அவர் எதையும் நேராக அழைத்துப் பேசுகிறவர். பதிவு அனுப்பும் பழக்கமே கிடையாது. அதனால் கேட்பதற்கு முன்பே எனக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. "வசந்தா, உங்க லாத்தா சுபுஹு தொழுதுட்டு உக்காந்திருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. மவுத்தாப் போயிட்டா. அங்கெ உள்ளவங்களுக்கெல்லாம் நீதான் சொல்லணும்."

லாத்தா இறந்ததைச் சொல்லிவிட்டேன். துபாய், ஷார்ஜா, ராஸ் அல் கைமா என்று பரந்து கிடக்கும் எங்கள் பெண்கள் குழுவில் போட்டேன். தோஹாவுக்கும் குவைத் அப்பாசியாவுக்கும் மாற்றலாகிப் போனவர்களைத் தனித்தனியாக அழைத்தும் சொன்னேன். ஆனாலும் காக்கா சொன்ன வேலை முடிந்ததாகத் தோன்றவில்லை. மர்யம் லாத்தாவைப் படகில் ஏற்றிவிடுகிறவராக மட்டும் தெரிந்தவர்கள்தான் அதிகம். துபாயின் தேரா பகுதியில் அவரிடம் திரைச்சீலை தைத்துக்கொண்ட ஒவ்வொருவருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

திரைச்சீலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தேராவில் நைஃப் பக்கம் செய்யது காக்காவுக்குச் சின்னதாக ஒரு துணிக்கடை இருந்தது. கடையின் பின்பக்கத் தடுப்புக்கு அப்பால் அவர் மனைவி மர்யம் லாத்தாவின் தையல் மெஷின். துபாயில் நம் ஆட்கள் கல்யாணம் செய்து பெண்டாட்டியை அழைத்து வருவதென்றால் தனி வீடா பார்க்கிறார்கள்? ஷேரிங் ஃப்ளாட்டில் ஹாலின் ஒரு பாதியைப் பிடித்து, குறுக்கே ஒரு திரையைத் தொங்கவிட்டால் குடித்தனம் தயார். பனியனைத் தவிர வேறு துணி வாங்கியே அறியாத ஒரு ஆம்பளை கடைக்குள் வந்து, "கனமான துணியாக் காட்டுங்க காக்கா, அந்தப் பக்கம் தெரியக்கூடாது" என்று கூச்சத்தோடு இழுத்தால், பின்பக்கம் மெஷின் நின்றுவிடும். "பொண்ணு எப்ப வாரா தம்பி?" என்ற குரல் வரும். தேராவுக்குப் புதுப்பெண் வரும் செய்தி தூதரகத்துக்குத் தெரிவதற்கு முன்பே லாத்தாவுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அவரை நான் முதலில் பார்த்தது சண்டை போடப் போன இடத்தில். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம். என் வீட்டுக்காரருக்கு ஏசி மெக்கானிக் வேலை. விடிந்தால் டூட்டிக்குப் போய்விடுவார். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் குடும்பத்தின் டிவியைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பேன். திரை வேறு தரையைத் தொடவில்லை. எதிர்ப்பக்கத்தார் கால்கள் நடப்பதைப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. திரையைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் மேஜையில் போட்டேன்.

"இதுதான் தையலா?"

லாத்தா நிதானமாக விரித்துப் பார்த்தார். "தையல்ல கொற இல்லெ. அளவு உன் மாப்பிள்ளை குடுத்தது. நின்னு அளந்தாரா, படுத்துக்கிட்டு அளந்தாரான்னு ஊட்டுல போயிக் கேளு."

துபாய்க்கு வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சாயா வந்தது. "சரி, ஒன்னெ யாராச்சும் வான்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். எங்கே என்று கேட்டேன். "இங்கெதான் புள்ளே. இந்த ஊருக்கு." யோசித்துப் பார்த்தேன். விமான நிலையத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டது, "லக்கேஜ் எத்தனை?" என்பதுதான். அதைச் சொன்னதும் லாத்தா தலையை ஆட்டிக்கொண்டார். திரைக்கு அடியில் இரண்டு கை அகலத்துக்கு வேறு துணி வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் சாயங்காலங்கள் அந்த ஸ்டூலில்தான் கழிந்தன. டைப்பிங் சென்டரில் வேலை கிடைத்த பிறகும் அப்படித்தான்.

அவருக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். அந்த ஊரில் கல்யாணம் ஆனால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். பெண்ணுக்குத் தாய் தகப்பன் கொடுக்கும் பெரிய சீர் ஒரு வீடு. அது பெண்ணின் பெயரில் இருக்கும். லாத்தாவுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் கல்யாணமான சில மாதங்களிலேயே காக்காவோடு துபாய்க்கு வந்துவிட்டதால் அந்த வீட்டில் அவர் குடித்தனமே நடத்தவில்லை. லீவில் போனாலும் படுக்கையில் இருந்த உம்மாவைப் பார்த்துக்கொள்ள உம்மா வீட்டிலேயே தங்குவார், லீவு முடிந்துவிடும். வாடகைக்கு விடச் சொன்னவர்களிடம், "மாப்பிள்ளை வந்து இருக்கத்துக்குக் கட்டுன ஊட்டுல வாடகைக்காரன் வந்து இருக்கவா?" என்பார். அவர் வாழ்க்கையில் பெரிதாக ஆசைப்பட்டது ஒன்றுதான்: அந்த வீட்டில், சொந்த அடுப்பில் உலை வைத்துக் குடித்தனம் பண்ண வேண்டும். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் காக்காவிடம் கேட்பார். காக்கா, "அடுத்த வருசம் மர்யம்" என்பார். இந்த அடுத்த வருஷத்தை வளைகுடாவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

ஹிரோக்கோ வந்தது இதற்கு நடுவில்தான். அவர் கணவருக்கு ஒரு ஜப்பானியக் கம்பெனியில் உத்தியோகம். துபாயை இரண்டாகப் பிரிக்கும் கிரீக் கழிக்கு அந்தக் கரையில் பர் துபாயில் குடியிருந்தார்கள். சாயங்காலமானால் ஹிரோக்கோ அப்ராவில் ஏறி இந்தக் கரைக்கு வந்து துணிக்கடைகளைச் சுற்றுவார். அப்ரா என்பது கிரீக்கின் இரண்டு கரைக்கும் ஆள் ஏற்றும் மரப்படகு. நடுப்பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். பருத்தித் துணி கேட்டு வந்தவர் மெஷின் ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். மறுநாளும் வந்தார். லாத்தாவுக்குத் தமிழும் கொஞ்சம் கடைத்தெரு ஹிந்தியும் தெரியும். ஹிரோக்கோவுக்கு மெதுவான ஆங்கிலம் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஸ்டூலில் நான்.

ஒரு நாள் லாத்தா, திரைச்சீலையை வைத்தே புதுப்பெண் வருவதைக் கண்டுபிடிக்கும் தன் சாமர்த்தியத்தை ஹிரோக்கோவுக்கு விளக்கச் சொன்னார். நான் சொன்னேன். ஹிரோக்கோ வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கைபேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். குறுகலான ஒரு படகு. அதில் தலையையும் மூடி வெள்ளை உடை உடுத்திய ஒரு பெண், பக்கத்தில் மரப்பெட்டிகள், பின்னால் நின்றபடி துடுப்புத் தள்ளும் ஒருவர். "என் அம்மா. கல்யாணத்தன்று," என்றார். ஊர் இதாக்கோ, டோக்கியோவுக்குக் கிழக்கே, தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஊராம். அங்கே வருஷந்தோறும் ஜூன் மாதத்தில், வாய்க்கால் ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமாக ஐரிஸ் பூத்துக் கிடக்கும்போது, கல்யாணப் பெண்களைப் படகில் ஏற்றி வரும் விழா உண்டு என்றார்.

எனக்கு உடனே ஸ்தல புராண ஆசை வந்துவிட்டது. எந்தச் சாமிக்காக, எந்த ராஜா ஆரம்பித்தது, யாராவது இளவரசி தண்ணீரில் போனாளா என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஹிரோக்கோ முழித்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே லாத்தாவுக்குத் தமிழில் சொன்னேன்: "ரோடு கிடையாதாம் லாத்தா. அவ்வளவுதானாம்."

நிஜமாகவே அவ்வளவுதான். ஊரைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி வாய்க்கால். வயலுக்குப் போவதும் படகில், சந்தைக்குப் போவதும் படகில், வைத்தியரைக் கூட்டி வருவதும் படகில். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அவளும் அவள் சீர்ப்பெட்டிகளும் போவதற்கும் படகைத் தவிர வேறு வழியில்லை. கரையில் கீரை அலசுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் கையை உதறிவிட்டு நிமிர்ந்து அவளுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பிறகு வாய்க்கால்களைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். பெண்கள் காரில் போனார்கள். காரில் போகிறவளுக்கு யார் நிமிர்ந்து வாழ்த்துச் சொல்வது? ஊருக்கு அது குறையாகப் பட்டிருக்கிறது. மிச்சமிருந்த வாய்க்காலில், பூக்கிற காலத்தில், வேண்டுமென்றே படகை விட ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் வந்தது, இப்படித்தான் விழாவாக ஆனது.

ஹிரோக்கோவின் கல்யாணம் டோக்கியோவில் ஒரு ஓட்டலில் நடந்தது. அங்கிருந்து டாக்ஸியில் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கிறார். டாக்ஸிக்காரர் மட்டும் வாழ்த்துச் சொன்னாராம்.

"டாக்ஸிக்காரன் சொன்னானா?" என்றார் லாத்தா. "அப்ப என்னெவிட இவ தேவல. எனக்கு அவனும் சொல்லல்ல."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாத்தா ஒரு முழு அப்ராவைப் பிடித்தார். ஹிரோக்கோவை முன்பக்கம் உட்கார வைத்தார். பக்கத்து ஃப்ளாட்டுப் பெண்கள் நாலைந்து பேரைத் திரட்டி எதிர்க்கரையில் நிறுத்தி, படகு வரும்போது சத்தமாக "நல்லா இருங்க" என்று சொல்லச் சொன்னார். கூச்சப்பட்டவர்களை அதட்டினார். ஹிரோக்கோ அன்று கையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது லாத்தா என் தோளைப் பிடித்து அதே இடத்தில் உட்கார்த்தினார். நான் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்றேன். "ஒனக்கும் யாரும் சொல்லல்லல்லா? உக்காரு" என்றார். கிரீக்கில் போகிற எந்தப் படகிலும் இல்லாத ஒரு மரியாதை அன்று எனக்குக் கிடைத்தது. முன்னால் போன படகில் இந்தக் கரைக்கு வந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தியவர்களில் என் திரைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்துப் பெண்மணியும் ஒருவர்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. திரைச்சீலை வாங்கினவனின் மனைவி வந்து இறங்கினால், அடுத்த வெள்ளிக்கிழமை சப்கா படகுத்துறைக்கு அவளைக் கூட்டி வர வேண்டும். ஏறுவதற்கு முன்னால் லாத்தா கதை சொல்வார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள்: "ஜப்பான்ல இதாக்கோன்னு ஒரு ஊரு. அங்கெ ரோடு இல்லெ." அப்ராக்காரர் பாகிஸ்தானிக் கிழவர், "ஜல்தி ஆப்பா, ஜல்தி" என்று உருதுவில் அக்கா போட்டு அவசரப்படுத்துவார். லாத்தா ஒரு வரியைக்கூட விடமாட்டார். ஹிரோக்கோ குடும்பம் ஜப்பானுக்குத் திரும்பிப் போன பிறகும் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு படகும் கிளம்பியதில்லை.

விஷயம் பரவியது. பரவினால் என்ன ஆகும்? தலைக்குத் தலை ஒரு ஆரம்பக் கதை சொன்னார்கள். ஒரு தமிழ் அமைப்பின் பொங்கல் விழாவில், மேடையில் பேசிய பிரமுகர் ஒருவர் இது கடலோடித் தமிழர்களின் பண்டைய மரபு என்றும், மணமகளைக் கலத்தில் ஏற்றி வருவது நம் முன்னோர் கண்ட முறை என்றும் முழங்கினார். எல்லாரும் கைதட்டினோம், பெருமையாகத்தான் இருந்தது. லாத்தா எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, இது நம்மோடது இல்லெ. ஜப்பான்காரங்களோடது."

அவர் மேடையிலிருந்தே சமாளித்தார். "இருக்கட்டுமே லாத்தா, தமிழனுக்குப் பெருமைதானே."

"பெருமை வேணும்னா நீங்க புதுசா ஒண்ணு செய்யிங்க. அடுத்தவ ஊட்டுக் கலியாணத்தை நம்ம ஊட்டுல நடந்துச்சுன்னு சொல்லாதீங்க."

அந்த அமைப்பு எங்களுக்கு விளக்கெல்லாம் போட்ட பெரிய படகு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. எனக்கு வருத்தம்தான், விளக்குப் போட்ட படகில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டவள் நான். லாத்தாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு ஆட்சேபம் வந்தது. காக்காவின் ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்து, இது வேறு மார்க்கத்துச் சடங்கு, நம்ம பெண்கள் செய்யலாமா என்று கேட்டார். லாத்தா மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார். "சடங்கு இல்லெ காக்கா, படகு. நீங்களும் அதுலதான ஏறி வந்திருக்கிய." பெரியவர் அன்று பர் துபாயிலிருந்துதான் வந்திருந்தார். சாயா குடித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒரு நாள் நான் கேட்டேன். எங்கிருந்து வந்தால் என்ன, நல்ல காரியம்தானே? அப்போதுதான் அவர் தான் வந்த கதையைச் சொன்னார்.

காயல்பட்டினத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை என்றேன் அல்லவா? அதனால் பெண்ணை அனுப்பிவைக்கிற முறையும் அந்த ஊரில் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் போகும்போது தாய் அழுவாள், மடியில் எதையாவது கட்டிக் கொடுப்பாள், நாலு பேர் வாசல்வரை வருவார்கள். "எங்க உம்மாவுக்கு என்ன செய்யணும்னே தெரியல்ல புள்ளே" என்றார் லாத்தா. "யாரு ஊட்டுலயாச்சும் இப்படி ஒண்ணு நடந்திருந்தால்லா பாத்துப் படிச்சிருப்பா? கடைத்தெருவுக்குப் போறவள்ட்ட சொல்லுத மாதிரி, சரி, பாத்துப் போன்னு சொல்லிட்டு உள்ளெ போயிட்டா. அவ உள்ளெ போயி அழுதாளான்னு எனக்கு இன்னும் தெரியாது."

இங்கே வந்து இறங்கினால் காக்காவுக்குக் கடையில் சரக்கு வரும் நாள். பேல் பேலாகத் துணிப்பொதி ஏற்றிய பிக்கப்பை விமான நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். வழியில் இரண்டு கடைகளில் பேல் இறக்கிவிட்டு மூன்றாவதாக லாத்தாவை இறக்கினார்களாம். "அங்கெ அனுப்பத் தெரியல்ல, இங்கெ கூப்பிடத் தெரியல்ல" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்த்தார். அவருக்கு இரண்டும் மகன்கள். ஊர் வழக்கப்படி கல்யாணமாகி அவரவர் பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அனுப்பிவைக்க மகளும் இல்லை, வீட்டுக்கு வர மருமகளும் இல்லை. "ரோடு இல்லாத ஊருக்காரிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. அதெ அவ வந்து எனக்குச் சொன்னா. அவ பேரெ உட்டுட்டு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

போன வருஷம் காக்காவின் அந்த அடுத்த வருஷம் உண்மையிலேயே வந்துவிட்டது. கட்டடம் இடிக்கப் போகிறார்கள், கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். காக்கா விசாவைக் கேன்சல் செய்யக் கொடுத்துவிட்டார். அதை அடித்தவள் நான்தான். லாத்தாவிடம் சொன்னதும் அவர் காயலுக்குப் போன் போட்டு அடுப்படிக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்.

அவர் கிளம்புவதற்கு முந்தைய நாள் நான் ஒரு பொய் சொன்னேன். புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், நீங்கள் போகிறதுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றேன். பெட்டி கட்டுகிற வேலையை விட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே வந்தார். படகுத்துறையில் எங்கள் பெண்கள் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். "பொண்ணு எங்கெ?" என்று கேட்டார்.

"நீங்கதான் லாத்தா."

"போங்க புள்ளே. நான் பேரன் எடுத்தவ."

"இங்கேருந்து உங்க வீட்டுக்குப் போறீங்க. உங்க பேர்ல இருக்குற வீட்டுக்கு, முதல் தடவையா குடித்தனம் பண்ணப் போறீங்க. அப்ப நீங்கதானே புதுப்பெண்ணு?"

நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். ஜப்பானில் இதாக்கோ என்று ஓர் ஊர், ஊரைச் சுற்றி ஆறு என்று சொன்னதும், "ஆறு இல்லெ, வாய்க்கால்" என்று திருத்தினார். திருத்தும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கையைப் பிடித்து ஏற்றி, முன்பக்கம் உட்கார வைத்தோம். அப்ராக்காரக் கிழவர் அன்று ஜல்தி போடவில்லை. "முபாரக் ஹோ ஆப்பா" என்று வாழ்த்திவிட்டு மெதுவாக ஓட்டினார்.

எதிர்க்கரையில் என் வீட்டுக்காரர் காக்காவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். சம்பந்தமே இல்லாத சுற்றுலாக்காரர்களும் கையசைத்தார்கள். காக்கா மட்டும் வாயைத் திறக்காமல் நின்றார். படகு கரையில் அணைந்ததும் குனிந்து கையை நீட்டி, "வா மர்யம்" என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. லாத்தா, "இப்பத்தான் ஒங்களுக்கு நேரம் கெடச்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

காயலில் அவர் எட்டு மாதம் குடித்தனம் நடத்தினார். வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்குக் குரல்பதிவு வரும். அடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, மோட்டார் தண்ணீர் ஏறவில்லை, எதிர் வீட்டுக்காரி இன்னும் கடன் கேட்க வரவில்லை என்று ஒரே புகார். அத்தனை சந்தோஷமான புகார்களை நான் கேட்டதே இல்லை.

மவுத்துச் செய்தி வந்து சில நாள் கழித்து நான் காக்காவை அழைத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "அவ என்னெ நல்லா வச்சிருந்தா வசந்தா" என்றார். "ஊருல மத்தவனெல்லாம் இளந்தாரியா இருக்கும்போது பொண்ணு ஊட்டு விருந்து சாப்பிட்டான். எனக்குக் கெழவனான பொறவு கெடச்சிச்சு. எட்டு மாசமும் விருந்துதான்." ஹிரோக்கோவுக்கு எழுதினேன். இந்த ஜூனில் தன் அம்மாவின் ஊருக்குப் போய், வாய்க்கால் கரையில் நின்று, வருகிற பெண்களுக்கெல்லாம் லாத்தா பேரைச் சொல்லி வாழ்த்தப் போவதாகப் பதில் வந்தது.

போன வெள்ளிக்கிழமை அறந்தாங்கியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் படகில் ஏற்றினோம். தள்ளிப்போடலாமா என்று சிலர் கேட்டார்கள். வந்தவளைக் காக்க வைத்தால் லாத்தா நம்மைச் சும்மா விடமாட்டார் என்றேன். கதையை நான்தான் சொன்னேன். ரோடு இல்லாத ஊரையும் ஹிரோக்கோவையும் சொன்னேன். அதோடு நிற்காமல், பெண்ணை அனுப்பிவைக்கத் தெரியாத ஓர் ஊரிலிருந்து வந்த மர்யம் லாத்தாவையும் சேர்த்துச் சொன்னேன். இனி இந்த ஆரம்பக் கதையில் அவரும் உண்டு. இதை யாராவது திருத்த வந்தால் நானும் எழுந்து நிற்பேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கதையும், வந்தவளைப் பார்த்து வா என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கமும். எனக்கென்று தனியாக வைத்துக்கொண்டது அவருடைய கடைசிக் குரல்பதிவு. மற்றவற்றை அழித்தாலும் அதை அழிக்கமாட்டேன். பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்கிறது. லாத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறார்.

"வசந்தா புள்ளே, ஒரு சமாச்சாரம் கேளு. இந்த மனுசன் பள்ளியில தொழுதுட்டு வந்து, வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ளெ வரலாமாங்குதாரு. ஊடு என் பேர்லல்லா இருக்கு, கேட்டுத்தான வரணும். நான் அடுப்படியில இருந்து அசையவே இல்லெ. கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு விட்டேன். பொறவுதான் சொன்னேன், வாங்க மாப்பிள்ளேன்னு."